கர்சர் நகர்ந்த கதை

மலர்க் குழுவில் உள்ள நம் நண்பர் தொலைபேசியில் பேசும்போது, "நீங்க கம்ப்யூட்டர் துறையில் இருந்தவராச்சே, எல்லாருக்கும் புரியிற மாதிரி ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடுங்க" என்று அன்போடு கேட்டுக்கொண்டார். கணிப்பொறியின் வரலாறு என்றால் சார்லஸ் பாபேஜில் தொடங்கி எழுதுவது வழக்கம். அதை எழுத நம் கல்லூரியில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே, யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். திரையில் மினுக் மினுக் என்று துடிக்கிறதே ஒரு கோடு, அந்தக் கர்சர். அதை ஓர் எழுத்து வலப்பக்கம் நகர்த்த ஒரு கட்டளை வேண்டும். அந்தக் கட்டளை என்ன செய்யும் என்று நாலு வரி எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும். இந்த நாலு வரிக்கு 60 ஆண்டு வரலாறு உண்டு என்றால் நம்புவீர்களா? உண்டு. அதில் நம் தமிழுக்கும் பங்கு உண்டு, எங்கள் வாடிப்பட்டிக்கும் ஒரு துளி உண்டு.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்

நான் 1988-இல் பி.எஸ்சி. கணிதம் முடித்து வெளியே வந்தேன். அந்தக் காலத்தில் டிகிரி முடித்த பையன் செய்கிற முதல் வேலை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேருவதுதான். லோயர், ஹையர், இங்கிலீஷ், தமிழ் என்று வரிசையாகப் பாஸ் செய்தால் 'எங்கயாவது ஒட்டிக்கலாம்' என்பது வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. சிறுமலையை வடக்கே பார்த்தபடி, பெரியாற்று வாய்க்கால் தண்ணீரில் நெல்லும் தென்னையும் வளரும் ஊர் எங்கள் வாடிப்பட்டி. அங்கேயும் 'ஏ, எஸ், டி, எஃப்' சத்தம் காலையும் மாலையும் கேட்கும்.

இன்றைய பிள்ளைகளுக்கு டைப்ரைட்டரைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அதில் எழுத்து விழும் இடம் மாறவே மாறாது. காகிதத்தைச் சுமக்கும் கேரியேஜ்தான் ஒவ்வொரு தட்டுக்கும் ஓரிடம் நகரும். கணிப்பொறியில் இது தலைகீழ். காகிதம் நிற்கிறது, எழுதும் இடம் நகர்கிறது.

தமிழ் டைப்ரைட்டரில் இன்னொரு நுட்பமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா என்பவர்தான் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்தவர். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வைக்க முடியாதல்லவா? அதற்கு அவர் கண்ட வழி 'நகரா விசை'. புள்ளி விசையைத் தட்டினால் புள்ளி விழும், ஆனால் கேரியேஜ் நகராது. அதே இடத்தில் 'க' விசையைத் தட்டினால் எழுத்து விழுந்து, அதன்பிறகே கேரியேஜ் ஓரிடம் நகரும். இரண்டு தட்டு, ஓர் எழுத்து, ஒரு நகர்வு. தமிழில் 'ஓர் எழுத்து நகர்வது' என்றால் என்ன என்ற கேள்விக்கு, கணிப்பொறி வருமுன்பே இரும்பில் எழுதப்பட்ட பதில் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பீரோவில் பூட்டிய புத்தகம்

1989-இல் மதுரையில் ஒரு கணிப்பொறிப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஏசி அறை, செருப்பை வெளியே கழற்ற வேண்டும், வாரம் மூன்று நாள், ஆளுக்கு அரை மணி நேரம் மெஷின். கற்றுத் தந்தது வேர்ட்ஸ்டார். 1978-இல் அமெரிக்காவின் மைக்ரோப்ரோ நிறுவனம் வெளியிட்ட எடிட்டர் அது. அதன் நிரலை எழுதியவர் ராப் பார்னபி. கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு ஈ தட்டினால் மேலே, எக்ஸ் தட்டினால் கீழே, எஸ் இடப்பக்கம், டி வலப்பக்கம். விசைப்பலகையைப் பாருங்கள், இந்த நான்கும் ஒரு வைர வடிவில் இருக்கும். அதை அடுத்து வெளிப்பக்கம் உள்ள ஏ ஒரு சொல் இடப்பக்கமும், எஃப் ஒரு சொல் வலப்பக்கமும் நகர்த்தும். கை ஆதார வரிசையை விட்டு எழாது. டைப்ரைட்டிங் படித்த எங்களுக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

ஆனால் ஒரு குறை. வேர்ட்ஸ்டாரின் கையேடு அங்கே கண்ணாடி பீரோவில் பூட்டியிருந்தது. கேட்டால், "அதெல்லாம் ஃபேகல்டிக்குத்தான் தம்பி" என்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஜெராக்ஸ் எடுத்த இரண்டு தாள், தாளுக்கு ஒரு ரூபாய். அதில் விசைகளின் பட்டியல் மட்டும் இருக்கும். 'கண்ட்ரோல் ஈ – மேலே.' சரி, மேல் வரி சின்னதாக இருந்தால் கர்சர் எங்கே போய் நிற்கும்? முதல் வரியிலேயே இருந்து அழுத்தினால் என்ன ஆகும்? தாள் வாய் திறக்காது. வேர்ட்ஸ்டாரைக் குறை சொல்ல முடியாது. அது திரையின் மேற்பாதியிலேயே கட்டளைப் பட்டியலைக் காட்டும். ஆனால் அந்தப் பட்டியலும் விசையின் பெயரைச் சொல்லுமே தவிர, விவரம் சொல்லாது. விவரம் பீரோவில் இருந்தது. மென்பொருள் ஃப்ளாப்பியில் ஊர் ஊராகப் பரவியது, புத்தகம் பரவவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு தலைமுறையே கணிப்பொறியை மனப்பாடமாகப் படித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

புள்ளி வந்த வழி

இப்போது கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போவோம். 1962-இல் எம்.ஐ.டி.யில் டான் மர்ஃபி என்பவர் 'டெக்கோ' என்ற எடிட்டரை எழுதினார். காகித நாடாவில் துளையிட்ட நிரல்களைத் திருத்துவதற்காக உருவானது. அதில் திரையே கிடையாது. 'சி' என்று எழுதினால் ஓர் எழுத்து முன்னால், 'ஆர்' என்றால் ஓர் எழுத்து பின்னால், 'எல்' என்றால் ஒரு வரி, 'ஜே' என்றால் தொடக்கம். '5சி' என்றால் ஐந்து எழுத்து முன்னால். எங்கே நிற்கிறோம் என்று கண்ணால் பார்க்க முடியாது. மனத்தில் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்த 'நிற்கும் இடத்தை' டெக்கோவில் குறித்த அடையாளம் ஒரு முற்றுப்புள்ளி. அதனால்தான் பின்னால் வந்த ஈமேக்ஸ் எடிட்டரில் நிற்கும் இடத்துக்குப் 'பாயிண்ட்' என்று பெயர் வந்தது.

1972-இல் கார்ல் மிக்கல்சன் டெக்கோவுக்குத் திரையில் உடனுக்குடன் திருத்தும் முறையைச் சேர்த்தார். பிறகு எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன், எந்த விசையை அழுத்தினாலும் நாமே எழுதிய ஒரு சிறு நிரல் ஓடும்படி அதை மாற்றினார். இது கிடைத்ததும் ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு விசை அமைப்பு முளைத்தது. ஒருவர் மெஷினில் இன்னொருவர் உட்கார்ந்தால் கை ஓடாது. இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த கை ஸ்டீல் முனைந்தார், ஸ்டால்மன் முடித்தார். 1976-இல் பிறந்த அதன் பெயர்தான் ஈமேக்ஸ்.

ஈமேக்ஸில் விசைகள் வைர வடிவில் இல்லை, ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தில் அமைந்தன. கண்ட்ரோல் எஃப் முன்னே (ஃபார்வர்டு), பி பின்னே (பேக்வர்டு), என் அடுத்த வரி (நெக்ஸ்ட்), இன்னொரு 'பி' முந்தைய வரி (ப்ரீவியஸ்). ஏ வரியின் தொடக்கம், ஈ வரியின் முடிவு. கண்ட்ரோலுக்குப் பதில் 'மெட்டா' விசையைப் பிடித்தால் எஃப்பும் பியும் எழுத்துக்குப் பதில் சொல் சொல்லாகத் தாவும். அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் பில் ஜாய் எழுதிய 'விஐ' எடிட்டர் எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளை எடுத்துக்கொண்டது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அம்புக்குறி அச்சிட்டிருந்தது.

பாருங்கள், கண்ட்ரோல் எஃப் என்றால் வேர்ட்ஸ்டாரில் ஒரு சொல் தாண்டும், ஈமேக்ஸில் ஓர் எழுத்து தாண்டும், விஐ-யில் ஒரு பக்கமே தாண்டும். கண்ட்ரோல் ஈ வேர்ட்ஸ்டாரில் மேல் வரிக்குப் போகும், ஈமேக்ஸில் வரியின் கடைசிக்குப் போகும். பேருந்தில் ஏறி "ஊருக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்ட கதைதான். எந்த ஊர் என்று யாராவது எழுதிவைத்தால்தானே தெரியும்?

மாறும் விசைக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

நம் கட்டுரையின் மையம் இங்கேதான் இருக்கிறது. வேர்ட்ஸ்டார் போன்ற எடிட்டருக்குக் கையேடு எழுதுவது எளிது. விசை மாறாது, எழுதினால் எழுதியதுதான். ஈமேக்ஸ் அப்படியல்ல. அது நிரல் எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய எடிட்டர். எனக்குப் பிடிக்கவில்லை என்றால் கண்ட்ரோல் எஃப்பை வேறு வேலைக்கு மாற்றிவிடலாம், புதுக் கட்டளையே எழுதிச் சேர்க்கலாம். அச்சிட்ட புத்தகம் அன்று மாலையே பொய்யாகிவிடும்.

இதற்கு ஸ்டால்மன் கண்ட வழி, விளக்கத்தைப் புத்தகத்தில் மட்டும் வைக்காமல் கட்டளையின் உள்ளேயே வைப்பது. ஒவ்வொரு கட்டளையும் ஒரு சிறு நிரல். அதன் பெயருக்கும் செயலுக்கும் நடுவில், அது என்ன செய்யும் என்று இரண்டு மூன்று வாக்கியம் மேற்கோள் குறிக்குள் எழுதிவிட வேண்டும். பயன்படுத்துகிறவர் கண்ட்ரோல் எச், கே என்று தட்டி, பிறகு தனக்குத் தெரியாத விசையைத் தட்டினால், அந்த நிமிடத்தில் அந்த விசை எந்தக் கட்டளையைச் சுட்டுகிறதோ அதன் விளக்கம் திரையில் வரும். நேற்று அந்த விசை என்ன செய்தது என்பதல்ல, இப்போது என்ன செய்யும் என்பதே விடை. நானே ஒரு கட்டளை எழுதி, உள்ளே தமிழில் விளக்கம் வைத்தாலும் அதே மரியாதையோடு அது திரையில் வரும். 1979-இல் வெளியான அவருடைய ஆய்வுக் குறிப்பின் தலைப்பிலேயே, தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் எடிட்டர் என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்.

இதில் இன்னொரு நயம் உண்டு. ஒரு விளக்கத்தின் உள்ளே இன்னொரு விசையைக் குறிப்பிட வேண்டியிருந்தால், விசையின் பெயரை எழுதுவதில்லை. கட்டளையின் பெயரை ஓர் அடையாளத்துக்குள் எழுதுவார்கள். திரையில் காட்டும் நேரத்தில் ஈமேக்ஸ் அந்த இடத்தில் இப்போதைய விசையைப் போட்டுக்கொள்ளும். நான் விசையை மாற்றினால் விளக்கமும் தானே மாறும். கதவு எண் மாறினாலும் ஆளின் பெயரைச் சொல்லி விசாரித்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா, அப்படி.

எழுதும் முறைக்கும் விதி உண்டு. முதல் வரி தனியே நின்று பொருள் தரும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். 'நகர்த்துகிறது' என்று வருணிக்கக் கூடாது. 'நகர்த்து' என்று கட்டளையாகவே தொடங்க வேண்டும். எண்ணை ஏற்கும் கட்டளையானால் அந்த எண் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும்.

ஒரு கர்சர் கட்டளைக்கு என்னவெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். எங்கே போய் நிற்கும்? எட்டு என்று எண் கொடுத்தால்? மைனஸ் மூன்று என்றால்? (முன்னே போகும் கட்டளை பின்னே போகும்.) கோப்பின் கடைசியில் நின்று அழுத்தினால்? (நின்று, எச்சரிக்கும்.) நீளமான வரியின் 40-ஆம் இடத்திலிருந்து கீழே இறங்குகிறோம், நடுவில் ஒரு வரி பத்து எழுத்தே இருக்கிறது, அதற்கும் கீழே மறுபடி நீள வரி. கர்சர் பத்தில் நின்றுவிடுமா, 40-க்குத் திரும்புமா? (திரும்பும், புறப்பட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும்.) என் ஜெராக்ஸ் தாள் வாய் திறக்காத கேள்விகள் இவை. ஈமேக்ஸில் விடை கட்டளையோடு ஒட்டியே வந்தது.

நடத்தை மாறினால் விளக்கமும் மாற வேண்டும். பழைய பதிப்புகளில் கடைசி வரியில் நின்று கண்ட்ரோல் என் அழுத்தினால் புது வரி ஒன்று முளைக்கும். 2001-இல் வந்த 21-ஆம் பதிப்பில் அதை நிறுத்தினார்கள். 2009-இல் வந்த 23-ஆம் பதிப்பில், 'அடுத்த வரி' என்பது கோப்பில் உள்ள வரியா, திரையில் மடிந்து தெரியும் வரியா என்ற கேள்விக்குத் திரை வரியே என்று முடிவாயிற்று. இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த இரண்டு வாக்கியத்தைத் திருத்தியிருக்கிறார். அவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தியதாகத் தெரியவில்லை.

1984-இல் ஸ்டால்மன் ஈமேக்ஸைப் புதிதாக எழுதத் தொடங்கினார். 1985-இல் குனு ஈமேக்ஸ் வெளிவந்தது. டேப்பில் பதிவுசெய்து தர 150 டாலர் வாங்கினார். ஆனால் வாங்கியவர் யாருக்கு வேண்டுமானாலும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். நிரலும் விளக்கமும் சேர்ந்தே போகும். பிறகு 2000-இல் கையேடுகளுக்கென்றே தனி உரிமமும் வெளியிட்டார்கள். எடிட்டரைப் பிரதி எடுத்தவன் கையேட்டையும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், மொழிபெயர்க்கலாம். கண்ணாடி பீரோவுக்கு வேலை இல்லை. 1990-களின் நடுவில் சென்னையில் யூனிக்ஸ் மெஷினில் முதன்முதலாக ஈமேக்ஸைத் திறந்து, தெரியாத விசையைத் தட்டி, அதன் விளக்கத்தைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. கேட்டால் மெஷினே சொல்கிறது!

தமிழுக்கு வந்த சோதனை

இனி நம் வீட்டுக் கதை. 1990-களில் கணிப்பொறியில் தமிழ் எழுதியவர்களுக்கு ஒரு விசித்திரம் நினைவிருக்கும். 'கொ' என்ற ஓர் எழுத்தைத் தாண்ட வலது அம்பை மூன்று முறை அழுத்த வேண்டும். ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துருக்கள் இருந்தன. கர்சர் எழுத்துக்கு நடுவே போய் நிற்கும். அங்கே ஒரு விசையைத் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிப்போகும்.

1991-இல் வந்த யூனிகோடு தமிழுக்கு வேறு வழி வகுத்தது. அதில் கண்ணுக்குத் தெரியும் துண்டுக்கு எண் கிடையாது. 'க' என்பதற்கு ஓர் எண், 'ஒகரக் குறி' முழுவதற்கும் ஓர் எண். ஆக 'கொ' இரண்டு எண். 'க்' என்றால் க ஓர் எண், புள்ளி ஓர் எண். ஈமேக்ஸில் பல மொழிகளைக் கொண்டுவந்த பெருமை ஜப்பானில் ஹண்டா கெனிச்சி முதலியோர் உருவாக்கிய 'மூல்' என்ற அமைப்புக்கு உரியது. 1997-இல் 20-ஆம் பதிப்பில் அது ஈமேக்ஸோடு இணைந்தது. 2007-இல் வந்த 22-ஆம் பதிப்பில் தமிழுக்கென்று தனி மொழிச் சூழல் வந்தது. உலக மொழிகளில் வணக்கம் சொல்லும் கோப்பு ஒன்று ஈமேக்ஸுடன் வரும். அதில் நம் 'வணக்கம்' இருப்பதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு ஒரு பூரிப்பு.

ஆனால் கட்டளை விளக்கத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. அதை எனக்குக் காட்டியது எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி. பணியிலிருந்து ஓய்வு பெற்று வாடிப்பட்டிக்கே திரும்பியபின், மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் சில மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கர்சர் கட்டளைகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதும் வேலையையும் அவர்களோடு சேர்ந்தே செய்கிறோம். டிப்ளமா படிக்கிற மாணவி ஒருத்தி ஊர்ப் பெயரைத் தட்டிவிட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"சார், கண்ட்ரோல் எஃப்பை ஆறு தடவை அமுக்குனா 'வாடிப்பட்டி' முழுசும் தாண்டிருது. ஆறுன்னு நம்பரைக் குடுத்து ஒரே தடவை அமுக்குனா 'வாடிப்'லயே நின்னுருது. ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்க சொன்னீங்க. புக்குல இத ஏன் சார் போடல?"

செய்து பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே நடந்தது. மதுரையில் வாடிப்பட்டிக்கு டிக்கெட் எடுத்தவரைச் சமயநல்லூரில் இறக்கிவிட்ட மாதிரி!

காரணம் இதுதான். 'வாடிப்பட்டி' நம் கணக்கில் ஆறு எழுத்து: வா, டி, ப், ப, ட், டி. கணிப்பொறியின் கணக்கில் 11 எண்கள், ஏனென்றால் ஒற்றை 'ப'வைத் தவிர மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஒரே கட்டளையாக 'ஆறு முன்னே போ' என்றால் ஈமேக்ஸ் எண்களை எண்ணுகிறது; ஆறாவது எண் 'ப்'-இன் புள்ளி, அதோடு நிற்கிறது. தனித்தனியாக அழுத்தும்போது வேறொன்று நடக்கிறது. ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும், கர்சர் கூட்டெழுத்தின் நடுவில் நிற்கிறதா என்று ஈமேக்ஸ் பார்க்கிறது. நின்றால், போகிற திசையில் எழுத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அதனால் ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து என்று ஆகிறது. முத்தையாவின் கேரியேஜ் எப்படி நகர்ந்ததோ அப்படி!

இதில் எதுவும் பிழையென்று சொல்வதற்கில்லை. 'கேரக்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அந்த ஊரில் ஒரே பொருள்; அது அச்செழுத்தும்தான், எண்ணும்தான். நமக்கு அவை இரண்டு. ஆங்கில விளக்கத்தை அப்படியே தமிழாக்கி 'என் எழுத்துகள் முன்னே நகர்த்து' என்று எழுதினால், ஆங்கிலத்தில் மெய்யாக இருந்த வாக்கியம் தமிழில் பொய்யாகிவிடும். ஆகவே எங்கள் குறிப்பில் இரண்டு வாக்கியம் கூடுதலாகச் சேர்த்தோம். அந்தப் பெண்தான் முதல் வரைவை எழுதினாள். 'வாடிப்பட்டி' எடுத்துக்காட்டும் அவளுடையதே.

அழிப்பதிலும் இதே கதை உண்டு. 'கி'-க்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் கொக்கி மட்டும் போய் 'க' நிற்கும். அது வசதிதான், குறில் நெடில் மாற்றிக்கொள்ளலாம். 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பில், கர்சர் நிற்கும் இடத்தில் கூட்டெழுத்தைப் பிரித்துக் காட்டி உள்ளே புகுந்து திருத்தும் விருப்பத்தேர்வு ஒன்றும் சேர்த்திருக்கிறார்கள். நம் எழுத்து போன்றவற்றின் தொல்லையை உலகம் மெல்லப் புரிந்துகொள்கிறது.

சொல் தேடும் படலம்

தமிழில் எழுதும்போது சொல்லுக்கும் பஞ்சாயத்து வந்தது. 'பாயிண்ட்' என்பதைப் 'புள்ளி' என்று போட்டோம். 'புள்ளியை முன்னே நகர்த்து' என்றதும் மெய்யெழுத்தின் புள்ளிதான் நகரும் என்று ஒரு பையன் நினைத்துக்கொண்டான். முறைப்படி பார்த்தால் 'பாயிண்ட்' எழுத்தின் மேல் இல்லை, இரண்டு எழுத்துக்கு நடுவில் இருக்கிறது. கர்சர் மட்டும் எழுத்தின் மேல் படுத்திருப்பதுபோல் தெரிகிறது. எனவே 'நிற்கும் இடம்' என்றே எழுதிவிட்டோம். கர்சருக்குச் 'சுட்டி' என்றால் மவுஸும் சுட்டிதான். ஆகவே கர்சர் கர்சராகவே இருக்கட்டும் என்று விட்டோம். வாடிப்பட்டியில் எல்லாருக்கும் புரிகிறது.

ஆனால் ஒரு விதி எங்களுக்கு அல்வா. வாக்கியம் வாக்கியமாகத் தாவும் கட்டளை, முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி இருந்தால்தான் வாக்கியம் முடிந்ததாகக் கொள்ளும். பையன்கள் "என்ன சார் இது கூத்து?" என்றார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஸ்கேல் அடி வாங்கிக் கற்ற பாடம் அல்லவா அது! முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு தட்டு. காரணமும் நம் ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. 'மு. வரதராசன்' என்று எழுதினால் முதலெழுத்துக்குப் பின்னும் புள்ளி வருகிறது. ஒற்றை இடைவெளியை வாக்கிய முடிவென்று கொண்டால் கர்சர் 'மு.'-விலேயே நின்றுபோகும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

"இந்தக் காலத்தில் யாருய்யா ஈமேக்ஸ் பழகுறா?" என்று சிலர் கேட்கலாம். லினக்ஸ் டெர்மினலிலோ ஆப்பிள் மேக்கிலோ கண்ட்ரோல் ஏ அழுத்திப் பாருங்கள், கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போகும். 1976-இல் வைத்த விசை இன்றும் ஓடுகிறது. இன்றைக்கு எந்த மென்பொருள் எழுதினாலும், நிரலுக்குள்ளேயே விளக்கம் வைப்பது நல்ல பழக்கம் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் ஈமேக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஈமேக்ஸுடன் வரும் பயிற்சிப் பாடம், தொடக்கத்திலேயே கர்சரை நகர்த்தக் கற்றுத்தரும். படித்துக்கொண்டே செய்து பார்க்க வேண்டிய பாடம். அது ஜப்பானியம், கொரியம், தாய்லாந்தின் தாய் மொழி உட்பட இருபதுக்கு அருகில் மொழிகளில் கிடைக்கிறது. 29-ஆம் பதிப்பு வரை அந்த வரிசையில் தமிழ் இல்லை. இந்தக் குறை தீர, வாடிப்பட்டித் திண்ணையில் வாரம் ஒன்றிரண்டு கட்டளையாக எழுதிவருகிறோம். கர்சர் கட்டளைகளில் இதுவரை 18 முடிந்திருக்கிறது. எழுதியதும் இன்னொரு மாணவனிடம் கொடுத்து, விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு விசையை அழுத்தச் சொல்கிறோம். அவன் எதிர்பார்த்த இடத்தில் கர்சர் நின்றால் விளக்கம் பாஸ். நிற்காவிட்டால் மறுபடி எழுத வேண்டும். ஹையர் எக்ஸாமைவிடக் கண்டிப்பான பரீட்சை இது.

நம் பழைய மாணவர்களில் தமிழாசிரியர்கள் இருக்கிறீர்கள், மென்பொருள் துறையில் பெரிய பொறுப்புகளில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள், அலுவலகங்களில் தட்டச்சிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களும் இருக்கிறீர்கள். இந்த வேலைக்கு மூன்று வகையினரும் வேண்டும். இலக்கணம் தெரிந்தவர் 'எழுத்து' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். நிரல் தெரிந்தவர் மெஷின் எதை எண்ணுகிறது என்று சொல்ல வேண்டும். விரல் தெரிந்தவர் எது கைக்கு வசதி என்று சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் என் திண்ணையில் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் உட்கார்ந்திருக்கும். மதுரை – திண்டுக்கல் சாலையில் போகிறவர்கள் வாடிப்பட்டியில் இறங்கி, ஒரு கட்டளைக்காவது விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். காபி எங்கள் செலவு.